பல்லி முட்டை தேடிய பேரறிஞர்

இரவு நேரம். சுவரில் விளக்கு எரிகிறது. விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் பறக்கின்றன. சற்றுத் தள்ளி ஒரு பல்லி அசையாமல் காத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் காணக்கூடிய காட்சி இது.

இதே இனப் பல்லி இன்று பசிபிக் கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளிலும் இருக்கிறது. தாகித்தித் தீவில் இருக்கிறது. மொரீஷியஸ் தீவில் இருக்கிறது. தென் அமெரிக்காவுக்கு மேற்கே உள்ள கலாபகஸ் தீவுகளுக்கும் போய்விட்டது!

பல்லிக்குச் சிறகு கிடையாது. பெருங்கடலை நீந்திக் கடக்கும் பலமும் கிடையாது. அப்படியானால் அது தீவுகளுக்கு எப்படிப் போயிற்று? போன இடத்தில் என்ன செய்தது?

சிறு பிராணிகள் கடலைக் கடப்பது எப்படி என்ற கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், ஓர் அறிஞர். பல்லி முட்டைக்காகப் பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பரிசு கொடுக்கவும் முன்வந்தார்.

அவர்தான் சார்லஸ் டார்வின். உயிரினங்கள் மாறி வளர்ந்த வரலாற்றை உலகுக்குச் சொன்ன மேதை!

வாய்க்குள் வண்டு

டார்வின் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற டாக்டர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் டார்வினுக்கு 8 வயதானபோது தாய் இறந்துவிட்டார்.

மகனும் டாக்டராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். 1825-ல் எடின்பரோ நகருக்கு அனுப்பிவைத்தார்.

அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. நோயாளி கதறக் கதறத்தான் ஆபரேஷன் நடக்கும். ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் நடந்ததைப் பார்த்த டார்வின், பாதியிலேயே வெளியே ஓடிவிட்டார். அந்தக் காட்சி பல ஆண்டுகள் அவர் மனதை விட்டு அகலவில்லை.

டாக்டர் படிப்பு அதோடு போயிற்று. அடுத்து, பாதிரியார் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பாடத்தைவிட வண்டு பிடிப்பதில்தான் அவருக்கு ஆசை அதிகம்.

ஒருநாள் மரப்பட்டையை உரித்தார். இரண்டு அபூர்வ வண்டுகள் இருந்தன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். உடனே மூன்றாவது வண்டு ஒன்று கண்ணில் பட்டது. அதையும் விட மனமில்லை. வலது கையில் இருந்த வண்டை வாய்க்குள் போட்டுக்கொண்டார்!

அந்த வண்டு காரமான நீரைப் பீய்ச்சியது. நாக்கு எரிந்தது. துப்பிவிட்டார். கடைசியில் அந்த வண்டும் போயிற்று. மூன்றாவது வண்டும் கிடைக்கவில்லை.

வண்டு பிடிக்கும் பைத்தியத்தை அவருக்கு ஏற்படுத்தியவர், உறவினரான வில்லியம் பாக்ஸ். இவர் பிறகு பாதிரியார் ஆனார். பல்லி முட்டைக் கதையில் இவர் மீண்டும் வருவார்.

தந்தை மறுத்தார்

1831-ம் ஆண்டு. டார்வினுக்கு வயது 22. பேராசிரியர் ஹென்ஸ்லோவிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. "பீகிள்" என்ற கப்பல் உலகைச் சுற்றப் புறப்படுகிறது. இயற்கையை ஆராயத் தெரிந்த இளைஞர் ஒருவர் தேவை. போக விருப்பமா என்பது கடிதத்தின் சாரம்.

டார்வின் துள்ளிக் குதித்தார். ஆனால் தந்தை மறுத்துவிட்டார். இது உருப்படாத வேலை என்பது அவர் கருத்து. அறிவுள்ள ஒருவராவது போகச் சொன்னால் அனுமதி தருவதாகக் கூறினார்.

டார்வினின் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் உதவிக்கு வந்தார். அவர் எடுத்துச் சொன்னதும் தந்தையின் மனம் மாறியது.

அதன் பிறகும் ஒரு தடங்கல்! கப்பல் தலைவர் பிட்ஸ்ராய், முகத்தைப் பார்த்துக் குணத்தைக் கணிப்பவர். டார்வினின் மூக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட மூக்கு உள்ளவருக்கு மன உறுதி இருக்காது என்று எண்ணினார். நல்லவேளையாக, பேசிப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

1831 டிசம்பர் 27-ந் தேதி பீகிள் புறப்பட்டது. கப்பலின் நீளம் 90 அடிதான். பிரயாணம் இரண்டு ஆண்டுகளில் முடியும் என்று எதிர்பார்த்தார்கள். முடிய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின.

கடல் ஆட்டம் டார்வினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலை சுற்றும், வாந்தி வரும். கடைசி நாள் வரை இந்தத் தொல்லை தீரவில்லை. ஆயினும் கரை கண்ட இடமெல்லாம் இறங்கினார். செடி, பூச்சி, பறவை, ஊர்வன என்று எல்லாவற்றையும் சேகரித்தார்.

தீவுக்கு ஓர் ஆமை

1835 செப்டம்பரில் பீகிள் கலாபகஸ் தீவுகளை அடைந்தது.

இவை எரிமலை கக்கிய பாறைகளால் ஆன தீவுகள். தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளன. ஒருகாலத்தில் இங்கே வெறும் பாறைதான் இருந்தது. இன்று ஆள் ஏறி உட்காரக்கூடிய ராட்சத ஆமைகள் இருக்கின்றன. கடலில் மூழ்கிப் பாசி தின்னும் பெரிய ஓணான்கள் இருக்கின்றன. உலகில் வேறு எங்கும் இல்லாத பிராணிகள்!

அங்கே ஆட்சிப் பொறுப்பில் லாசன் என்பவர் இருந்தார். ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவு ஆமை என்று தன்னால் சொல்ல முடியும் என்று அவர் டார்வினிடம் கூறினார்.

டார்வின் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல தீவுகளில் பிடித்த பறவைகளை ஒன்றாகக் கலந்து வைத்துவிட்டார். பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். ஆனால் தீவுக்குத் தீவு உயிர்கள் வேறுபடுகின்றன!

காரணம் என்ன? கடல்தான் காரணம் என்று பின்னால் அவர் கண்டார். எப்போதோ ஒருமுறை ஏதோ ஓர் உயிர் கரையிலிருந்து தீவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சுற்றிலும் கடல், திரும்பிப் போக வழி இல்லை. பல லட்சம் ஆண்டுகளில் அதன் சந்ததிகள் அந்தந்தத் தீவுக்கு ஏற்றபடி மாறிவிட்டன.

கலாபகஸ் தீவுகளில் இப்படி மாறிய பல்லிகளும் உண்டு. சான் கிறிஸ்டோபல் என்ற தீவில் வாழும் ஒருவகைப் பல்லிக்கு 1942-ல் டார்வினின் பெயரையே சூட்டினார்கள்.

பயமறியாப் பறவைகள்

கலாபகஸ் பறவைகள் மனிதரைக் கண்டு பயப்படவில்லை. டார்வின் ஒரு பருந்தின் அருகே சென்றார். அது பறக்கவில்லை. துப்பாக்கி முனையால் தள்ளித்தான் அதைக் கிளையிலிருந்து நகர்த்தினார்!

இது வேடிக்கையான சம்பவம். ஆனால் டார்வின் சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. சிந்தித்தார்.

பகையே இல்லாத இடத்தில் பிறந்த உயிருக்குப் பயம் தெரியாது. அங்கே வெளியிலிருந்து ஒரு புதிய எதிரி வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? பழைய உயிர்கள் தற்காத்துக்கொள்ளப் பழகுவதற்குள் பெரும் நாசம் நடந்துவிடும். இந்தக் கருத்தைத் தன் பிரயாண நூலில் அவர் எழுதிவைத்தார்.

அதற்கு அத்தாட்சிகளும் வழியிலேயே கிடைத்தன.

நியூசிலாந்துக்குப் போனார். ஐரோப்பியக் கப்பல்களில் வந்த எலி, நாட்டின் வட பகுதியில் இரண்டே ஆண்டுகளில் அங்கிருந்த பழைய எலியை ஒழித்துவிட்டதாகக் கேள்விப்பட்டார்.

பின்னர் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போனார். அங்கே 1502-ல் மனிதர்கள் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆடுகள் பெருகின. இளங்கன்றுகளை எல்லாம் மேய்ந்தன. பழைய மரங்கள் விழுந்தபோது, அவற்றின் இடத்தில் புதிய மரங்கள் வரவில்லை. காடு போயிற்று. காட்டில் வாழ்ந்த நத்தைகளும் போயின. வெறும் நத்தை ஓடுகளை மட்டுமே டார்வின் மண்ணில் கண்டார்.

ஒரே ஒரு பல்லி

செயின்ட் ஹெலினாவை அடைவதற்கு முன், 1836 ஏப்ரலில், பீகிள் கப்பல் இந்தியப் பெருங்கடலில் உள்ள கீலிங் தீவுகளில் தங்கியது. இவை பவளப் பூச்சிகள் கட்டிய தாழ்வான தீவுகள். எங்கு பார்த்தாலும் தென்னை மரங்கள்.

டார்வின் தீவின் உயிர்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். சில செடிகள். சில பூச்சிகள். கப்பலில் வந்த எலிகள். ஊர்வனவற்றில் அவர் கண்டது ஒன்றே ஒன்றுதான். சின்னஞ்சிறு பல்லி வகை ஒன்று!

நூற்றுக்கணக்கான மைல் சுற்றளவில் கடல். நடுவே ஒரு பிடி பவள மண். அதில் ஒரு பல்லி.

அது எப்படி வந்தது? மரத்தைப் பற்றிக்கொண்டு மிதந்து வந்ததா? மனிதர் கொண்டுவந்தார்களா? முட்டையாக வந்ததா?

1836 அக்டோபர் 2-ந் தேதி டார்வின் இங்கிலாந்து திரும்பினார். அதன் பிறகு அவர் தாய்நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. ஆனால் அவர் மனம் தீவுகளையே சுற்றிக்கொண்டிருந்தது.

உப்பு நீர் ஜாடிகள்

1839-ல் மாமன் மகள் எம்மாவை மணந்தார். 1842-ல் லண்டனுக்கு அருகே டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார். அவர்களுக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்தார்கள். டார்வினுக்கோ ஓயாத நோய். வயிற்று வலி, வாந்தி, களைப்பு. ஒருநாளில் சில மணி நேரந்தான் வேலை செய்ய முடியும்.

உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற முடிவுக்கு அவர் எப்போதோ வந்துவிட்டார். ஆனால் வெளியே சொல்லவில்லை. ஓட்டை இல்லாத அத்தாட்சி வேண்டும் என்று காத்திருந்தார்.

அதற்குக் குறுக்கே ஒரு கேள்வி நின்றது. ஓர் உயிர் ஓரிடத்தில்தான் தோன்றியது என்றால், நடுக்கடல் தீவுக்கு அது எப்படிப் போயிற்று?

ஒருகாலத்தில் கடலில் நிலம் இருந்தது. பிராணிகள் நடந்தே போயின. பிறகு நிலம் மூழ்கிவிட்டது என்று சிலர் பதில் சொன்னார்கள். டார்வின் இதை ஏற்கவில்லை. கண்டபடி கண்டங்களை எழுப்பவும் முழுக்கவும் அவருக்கு இஷ்டமில்லை. கடல் வழியாகவே வந்திருக்க முடியுமா என்று சோதிக்க முடிவு செய்தார்.

1855-ல் வீட்டிலேயே சோதனை தொடங்கியது. பெரிய கருவி எதுவும் இல்லை. ஜாடிகளில் உப்பு நீரை ஊற்றினார். அதில் விதைகளைப் போட்டார். சில ஜாடிகளைத் தோட்டத்தில் வைத்தார். ஒரு தொட்டியில் பனிக்கட்டி போட்டு நிலவறையில் வைத்தார். சில விதைகள் அழுகி நாற்றமெடுத்தன. நீரை மாற்றி மாற்றி ஊற்றினார்.

அவருடைய நண்பர் ஹூக்கர், கியூ தோட்டத்தைச் சேர்ந்த பெரிய தாவர அறிஞர். விதைகள் பிழைக்காது என்று அவர் நினைத்தார். டார்வினின் குழந்தைகளுக்கு ஒரே ஆவல். அப்பா ஜெயிப்பாரா, ஹூக்கர் ஜெயிப்பாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அப்பாதான் ஜெயித்தார்!

87 வகை விதைகளைச் சோதித்ததில், 28 நாள் உப்பு நீரில் கிடந்த பிறகும் 64 வகைகள் முளைத்தன. சில விதைகள் 137 நாளுக்குப் பிறகும் முளைத்தன. 28 நாளில் கடல் நீரோட்டம் ஒரு விதையை 924 மைல் கொண்டுபோய்விடும் என்று டார்வின் கணக்குப் போட்டார்.

அதோடு விடவில்லை. குளத்துச் சேற்றில் மூன்று கரண்டி எடுத்தார். அதை மூடிவைத்து ஆறு மாதம் பார்த்தார். அந்தச் சேற்றிலிருந்து 537 செடிகள் முளைத்தன! ஒரு பறவை காலில் சேறு ஒட்டிக்கொண்டு பறந்தால் ஒரு தோட்டத்தையே சுமந்து போக முடியும் அல்லவா?

அரை டஜனுக்கு ஒரு ஷில்லிங்

விதைக்கு வழி கிடைத்தது. கீலிங் தீவில் கண்டது போன்ற சிறு பல்லிக்கு என்ன வழி?

டார்வின் வசித்த ஊரில் பல்லி இனம் எதுவும் இல்லை. பழைய வண்டு நண்பர் பாக்ஸ் ஞாபகம் வந்தது. அவர் இருந்த ஊரில் மணற்பாங்கான நிலம். அங்கே பல்லி இனங்கள் இருக்கலாம்.

1855 மே மாதம் பாக்ஸுக்குக் கடிதம் எழுதினார். பள்ளிப் பையன்களிடம் சொல்லிப் பல்லி முட்டைகளைத் தேடச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அரை டஜன் முட்டைக்கு ஒரு ஷில்லிங் பரிசு. தவறிப்போய்ப் பாம்பு முட்டையைக் கொண்டுவந்தாலும் சரி. அதுவும் தேவைதான் என்று எழுதினார்!

எதற்காக? முட்டைகள் உப்பு நீரில் மிதக்குமா, மிதந்தபடி ஒரு மாதம் இரண்டு மாதம் உயிரோடு இருக்குமா என்று பார்க்கத்தான்.

உலகம் போற்றிய மேதை, இப்படிச் சிறு பையன்களின் உதவியை நாடக் கூச்சப்படவில்லை. கேள்வி சிறியதா பெரியதா என்று அவர் பார்க்கவில்லை. விடை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

துக்கத்தில் பிறந்த புகழ்

இந்த ஆராய்ச்சிகளுக்கு நடுவே வீட்டில் துயரங்களும் நேர்ந்தன. 1851-ல் செல்ல மகள் ஆனி 10 வயதில் இறந்தாள். அந்தத் துக்கம் டார்வினை உலுக்கிவிட்டது.

1858 ஜூனில் வேறொரு இடி விழுந்தது. மலாய்த் தீவுகளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆல்பிரட் வாலஸ் என்பவர் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். இருபது ஆண்டுகளாக டார்வின் மனதில் இருந்த அதே கருத்து அதில் இருந்தது!

உழைப்பெல்லாம் வீணா என்று டார்வின் கலங்கினார். ஆயினும் வாலஸின் கட்டுரையை மறைக்க அவர் நினைக்கவில்லை. அதே சமயம் அவருடைய கடைசிக் குழந்தை காய்ச்சலில் கிடந்தது. ஜூன் 28-ந் தேதி அந்தக் குழந்தையும் இறந்துவிட்டது.

ஜூலை 1-ந் தேதி லண்டனில் அறிஞர்கள் சபையில் இருவர் கருத்துக்களையும் சேர்த்து வாசித்தார்கள். டார்வின் அங்கே போகவில்லை. வீட்டில் குழந்தையின் துக்கம்.

1859 நவம்பரில் "உயிரினங்களின் தோற்றம்" என்ற அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. முதலில் அச்சிட்டவை 1,250 பிரதிகள். உலகமே அதைப் பற்றிப் பேசியது.

அந்த நூலில் அவர் சொன்ன ஒரு விஷயம் இங்கே முக்கியம். வாழ்க்கைப் போட்டி, முற்றிலும் வேறுபட்ட பிராணிகளுக்குள் அவ்வளவு கடுமையாக இருக்காது. ஒரே மாதிரி உணவு தின்று, ஒரே மாதிரி இடத்தில் வாழும் நெருங்கிய இனங்களுக்குள்தான் கடுமையாக இருக்கும்.

அதாவது, பல்லிக்குப் பெரிய போட்டி பல்லிதான்!

1882 ஏப்ரல் 19-ந் தேதி டார்வின் காலமானார். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நாட்டின் பெரியோர்கள் நடுவே, அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நூறு ஆண்டுக்குப் பின் பதில்

டார்வின் கேட்ட கேள்வி சாகவில்லை.

அவர் பல்லி முட்டை கேட்டு எழுதி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன. வால்டர் பிரவுன், ஏஞ்சல் அல்காலா என்ற இரு விஞ்ஞானிகள் பிலிப்பைன்ஸ் தீவுகளின் பல்லி முட்டைகளைக் கடல் நீரில் போட்டுச் சோதித்தார்கள். முடிவை 1957-ல் வெளியிட்டார்கள். கடல் நீரில் கிடந்த பிறகும் சில பல்லி முட்டைகள் பொரிந்தன!

வீட்டுப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். முட்டையின் ஓடு கெட்டியானது. எளிதில் காய்ந்துபோகாது. மரத்தின் வெடிப்பிலும் பட்டையின் அடியிலும் முட்டைகள் பத்திரமாக இருக்கும். வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரம், பல்லியையும் முட்டையையும் சுமந்து தீவுக்குப் போய்ச் சேரலாம்.

ஆனால் இது எப்போதாவது நடக்கும் அதிசயம். மனிதனின் மரக்கலம் வந்த பிறகு அதிசயம் வாடிக்கை ஆகிவிட்டது!

பசிபிக் தீவுகளில் குடியேறிய பழங்கால மக்கள் தோணிகளில் போனார்கள். வாழை, கிழங்கு, கோழி, பன்றி எல்லாம் கொண்டுபோனார்கள். அவர்கள் அறியாமலே சிறு பல்லிகளும் கூடவே போயின. அவற்றுள் ஒன்று விசித்திரமான பல்லி. அதில் ஏறக்குறைய எல்லாமே பெண்! ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டுப் பெருகும். தோணியில் ஒரே ஒரு பல்லி போனாலும் போதும். ஒரு தீவு நிறைந்துவிடும்.

விளக்கடிச் சண்டை

பின்னர் பெரிய கப்பல்கள் வந்தன. ஆசியாவைச் சேர்ந்த வீட்டுப் பல்லி, சரக்குப் பெட்டிகளிலும் மரக்கட்டைகளிலும் ஒளிந்துகொண்டு பிரயாணம் செய்தது. பெண் பல்லி, ஆணோடு சேர்ந்து பல மாதங்கள் கழித்தும் முட்டையிட வல்லது. ஆகவே அதுவும் ஒன்று போனாலே போதும்.

இரண்டாவது உலகப் போர்க் காலத்தை ஒட்டி அது ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே முன்பே குடியிருந்தது, ஆணில்லாமல் பெருகும் அந்தச் சிறு பல்லி. வீட்டுப் பல்லி வந்ததும் கட்டடச் சுவர்களில் சிறு பல்லியின் எண்ணிக்கை குறைந்துவிட்டது.

ஏன்? கென்னத் பெட்ரன், டெட் கேஸ் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். பழைய விமானக் கொட்டகைகளில் இரண்டு இனப் பல்லிகளையும் விட்டுப் பார்த்தார்கள்.

விளக்குத்தான் காரணம் என்று தெரிந்தது! விளக்கடியில் பூச்சிகள் கூடும். உருவில் பெரிய வீட்டுப் பல்லி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பூச்சிகளை வேகமாகத் தின்றுவிடும். சிறு பல்லி பயந்து ஒதுங்கும். அதற்கு இரை குறையும். உடல் மெலியும். முட்டையும் குறையும்.

வழவழப்பான வெற்றுச் சுவரில்தான் இந்தக் கொடுமை அதிகம். சுவரில் தடுப்புக்கள் வைத்து மறைவிடம் ஏற்படுத்தியதும் போட்டி தணிந்தது.

டார்வின் சொன்னபடியே நடந்தது. நெருங்கிய இனங்களுக்குள்தான் கடும் போட்டி! அந்தப் போட்டிக்கு அரங்கம் அமைத்துக் கொடுத்தவன் மனிதன். கப்பல் அவனுடையது. சுவர் அவனுடையது. விளக்கும் அவனுடையது.

ஒதுங்கிய உயிர்கள்

ஹவாயில் ஒதுங்கிய பல்லி, உலகின் வேறு பல தீவுகளில் இருக்கிறது. அதனால் அந்த இனத்துக்கு ஆபத்து இல்லை. ஒரு தீவில் மட்டுமே வாழும் இனத்துக்கு அந்த நிலை நேர்ந்தால் போக இடம் ஏது?

டார்வின் 1836-ல் பார்த்த மொரீஷியஸ் தீவில், அந்த நாட்டுக்கே உரிய இரவுப் பல்லிகள் முன்பு வாழ்ந்தன. அவற்றின் விரல்களில் சுவரில் ஒட்டும் திண்டு கிடையாது. வீட்டுப் பல்லி அவற்றைப் பாறை இடுக்குகளிலிருந்து விரட்டிவிடுவதை விஞ்ஞானிகள் கண்டார்கள். பெரிய தீவில் அவற்றின் எலும்புகளே கிடைக்கின்றன. கரைக்கு அப்பால் உள்ள சில குட்டித் தீவுகளில் மட்டும் உயிர் பிழைத்திருக்கின்றன.

கலாபகஸிலும் பிற நாட்டுப் பல்லிகள் சில வந்துவிட்டன. வீட்டுப் பல்லி அங்கே முதல்முறையாகக் காணப்பட்ட செய்தி 2011-ல் வெளிவந்தது.

கீலிங் தீவுகளுக்குக் கிழக்கே கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது. அங்கு மட்டுமே வாழ்ந்த லிஸ்டர் பல்லி, காட்டில் அழிந்தே போய்விட்டது. ஆசியாவிலிருந்து 1980-களில் வந்து சேர்ந்த, பல்லிகளைத் தின்னும் ஒருவகைச் சிறு பாம்பு இதற்கு முக்கிய காரணம் என்று கருதுகிறார்கள். பயமறியாத உயிர்களின் நடுவே புதிய எதிரி வந்தால் நாசம் விளையும் என்று டார்வின் எழுதியது நினைவிருக்கிறதா? அதுதான் நடந்தது.

நல்லவேளை! முற்றிலும் அழிவதற்குள் சில லிஸ்டர் பல்லிகளைப் பிடித்துக் கூண்டில் வளர்த்தார்கள். அவை குஞ்சு பொரித்துப் பெருகின. ஆனால் அங்கும் ஆபத்து வந்தது. 2014-ல் கூண்டுப் பிராணிகளை ஒரு கொடிய கிருமி தாக்கியது. தீவுக்கு வெளியிலிருந்து வந்து குடியேறிய பல்லிகளிடமும் அந்தக் கிருமி இருந்தது!

மீண்டும் கீலிங்

கிறிஸ்துமஸ் தீவில், நீல வால் கொண்ட அழகிய அரணையும் காட்டில் அழிந்துபோயிற்று. அதையும் கூண்டில் வளர்த்துக் காப்பாற்றினார்கள். பாம்பு இருக்கும்வரை அதைத் தன் சொந்தத் தீவில் விட முடியாது. பாம்பு இல்லாத தீவு வேண்டும்.

அதற்காகத் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? டார்வின் ஒரே ஒரு பல்லி வகையைக் கண்ட அதே கீலிங் தீவுகள்தான்!

2019-ல் அங்குள்ள ஒரு குட்டித் தீவில் நீல வால் அரணைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை அங்கே குஞ்சு பொரிக்கத் தொடங்கின.

இந்தத் தடவை மனிதனின் கப்பல் தெரியாமல் சுமக்கவில்லை. தெரிந்தே, உயிர் காக்கச் சுமந்தது.

சுவர்ப் பல்லி மீது குற்றம் இல்லை. அது இரை தேடுகிறது; முட்டையிடுகிறது; வாழ்கிறது. அதைக் கடல் கடத்தியவன் மனிதன். இப்போது தீவுகளுக்குப் போகும் சரக்குகளைச் சோதித்து, புதிய பிராணிகள் நுழையாமல் காவல் காப்பதும் மனிதனே.

கடல் ஒரு வேலி. அந்த வேலிக்குள்தான் தீவின் உயிர்கள் தனித்தன்மையோடு வளர்ந்தன. விதைகளை உப்பு நீரில் ஊறப்போட்டும், பல்லி முட்டை தேடியும் இந்த உண்மையை ஆராய்ந்தவர் டார்வின். வேலி கட்ட இயற்கைக்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆயின. அதைத் திறக்க ஒரு சரக்குப் பெட்டியும் இரண்டு முட்டையும் போதும்!